நம் பக்கத்துப் பெரியோர்: கோட்டை பேண்டு இசையும் முத்துசுவாமி தீட்சிதரும்



சென்ற இதழில் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷியைப் பற்றி எழுதியிருந்தேன். காலை நடையின்போது பலர் நிறுத்தி நல்ல வார்த்தை சொன்னீர்கள். நன்றி. ரமணர் நம் மண்ணில் பிறந்து, திருவண்ணாமலையில் போய் அடங்கியவர். இந்த முறை அதற்கு நேர்மாறான ஒருவர். காவிரித் தண்ணீர் பாயும் திருவாரூரில் பிறந்து, நம் கரிசல் காட்டுக்கு வந்து கண்மூடியவர்.

தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் நாம் எத்தனை முறை போயிருப்போம்! பந்தல்குடி தாண்டி எட்டயபுரம் வந்ததும், பாரதியார் பிறந்த ஊர் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவோம். காட்ட வேண்டியதுதான். ஆனால் கர்நாடக இசையின் மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியும் அதே ஊரில்தான் இருக்கிறது. நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. வங்கி வேலையில் இருந்த காலத்தில் அந்தச் சாலையில் எத்தனையோ முறை பேருந்தில் போனவன் நான். ஒரு முறைகூட இறங்கிப் பார்த்ததில்லை.

இவரைப் பற்றி இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. நம் சங்கத்தின் சென்ற ஆண்டு விழா உங்களுக்கு நினைவிருக்கும். மூன்றாம் தெருவிலிருந்து ஒரு சிறுமி கீபோர்டு வாசிக்க மேடை ஏறினாள். டுவிங்கிள் டுவிங்கிள் மெட்டை ஆரம்பித்தாள். நம்ம பாட்டு ஒன்றும் கிடைக்கவில்லையா என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. அந்தக் குரல் என்னுடையது. குழந்தை பாதியில் நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அந்தக் கணக்கு இன்றுவரை நேராகவில்லை. தீட்சிதர் வாழ்க்கையைச் சொன்னால்தான் நேராகும்.

திருவாரூரிலிருந்து மணலிக்கு

1775ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். தந்தை ராமசுவாமி தீட்சிதர் பெரிய வித்வான். இன்று கச்சேரிகளில் முதல் பாட்டாகப் பிள்ளையார் மேல் அடிக்கடி கேட்கிறோமே, அந்த ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர் அவர்தான். வெகுகாலம் பிள்ளை இல்லாமல் வைத்தீஸ்வரன் கோயிலில் வேண்டிக்கொண்டு பிறந்ததால், அந்தக் கோயில் முத்துக்குமாரசுவாமியின் பெயரை மகனுக்கு வைத்தார்கள். பிறகு சின்னசுவாமி, பாலுசுவாமி என்று இரண்டு தம்பிகள். இதில் பாலுசுவாமியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை அவரால்தான் நம் பக்கம் திரும்பப் போகிறது.

சென்னைக்கு அருகே மணலியில் முத்துக்கிருஷ்ண முதலியார் என்று ஒரு செல்வந்தர் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷ். அதாவது வெள்ளைக்காரருக்கும் நம்மவருக்கும் நடுவில் நின்று பேச்சையும் வியாபாரத்தையும் நடத்திக் கொடுப்பவர். அவர் தீட்சிதர் குடும்பத்தையே மணலிக்கு அழைத்துக்கொண்டார். அவருக்குப்பின் மகன் வேங்கடகிருஷ்ண முதலியாரும் ஆதரித்தார். இவரைச் சின்னையா முதலியார் என்றும் சொல்வார்கள்.

இந்த முதலியார்களோடு சகோதரர்கள் புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போய்வருவது வழக்கம். அங்கே கம்பெனிப் படையின் பேண்டு வாத்தியம் நடக்கும். வீணையும் சாமவேதமும் கேட்டு வளர்ந்த காதுகளில் குழலும் கொம்பும் முரசும் புதிதாக விழுந்தன. பாலுசுவாமிக்கு வயலின் மேல் ஆசை வந்தது. முதலியார் ஒரு ஐரோப்பியரை அமர்த்தி மூன்று வருடம் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். அந்த வாத்தியத்தை நம் சங்கீதத்துக்குப் பழக்கியவர்களில் பாலுசுவாமி முதன்மையானவர். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியை நாம் நினைத்துப் பார்க்க முடியுமா?

மூன்று எண்ணிக்கை நடனம்

கோட்டைக்கு வந்த அந்த இசை எங்கே விளைந்தது என்று தெரிந்துகொள்ள, ஒரு நிமிடம் ஐரோப்பிய அரண்மனைக்குப் போய்வரலாம், வாருங்கள்.

பிரான்சில் பதினான்காம் லூயி மன்னர் 1643 முதல் 1715 வரை அரியணையில் இருந்தார். அவருக்கே நடனத்தில் பெரிய பித்து. அவர் சபையில் புகழ்பெற்ற நடனம் மினுவெட். ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஜோடிதான் ஆடும். மற்ற பிரபுக்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். ஆடும் முன் மன்னரைப் பார்த்து வணங்க வேண்டும். பிறகுதான் ஒருவரை ஒருவர் வணங்குவது. தாளம் ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று எண்ணிக்கையில் ஓடும். கால் வைப்பதோ ஆறு எண்ணிக்கைக்கு நான்கு அடி. அந்த நான்கு அடிகளை ஆறுக்குள் பிசகாமல் அடக்குவதில்தான் வித்தை. கை, கழுத்து, பார்வை எல்லாவற்றுக்கும் விதி. தவறினால் சபையே சிரிக்கும்.

இந்த ஆட்டத்துக்கான இசையை லுல்லி போன்ற அரண்மனை இசைவாணர்கள் எழுதினார்கள். பிறகு ஆட்டம் இல்லாமல் உட்கார்ந்து கேட்பதற்கே எழுத ஆரம்பித்தார்கள். ஜெர்மனியில் பாக் தம் வாத்தியக் குழுத் தொகுப்புகளில் மினுவெட்டைச் சேர்த்தார். லண்டனில் ஹாண்டல் 1749இல் மன்னரின் வாணவேடிக்கைக்காக எழுதிய இசை மினுவெட்டில்தான் முடிகிறது. வாணவேடிக்கை நாளன்று அதை வாசித்ததும் டிரம்பெட், கொம்பு, முரசு கொண்ட ஒரு பெரிய பேண்டுதான். அதற்குப்பின் ஹைடன் காலத்து சிம்பொனிகளில் மூன்றாவது பகுதி என்றாலே பெரும்பாலும் மினுவெட். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அரண்மனை ஆட்டம் போய்விட்டது. மெட்டு நின்றுவிட்டது.

அரண்மனை நடன மெட்டு, அயர்லாந்து, ஸ்காட்லாந்து கிராமத்து ஆட்ட மெட்டு, படை நடை மெட்டு எல்லாம் வெள்ளைக்காரனோடு கப்பலேறி வந்தன. கூடவே அவர்களுடைய ராஜ வாழ்த்தான காட் சேவ் த கிங்கும் வந்தது. 1745இல் லண்டன் நாடக அரங்குகளில் பாடிப் பரவிய பாட்டு அது. அதன் நடை, மினுவெட்டுக்கும் முந்திய கலியார்டு என்ற அரண்மனை நடனத்தின் நடை. அதுவும் மூன்று எண்ணிக்கைதான். வாய்க்குள் முணுமுணுத்து விரலால் எண்ணிப் பாருங்கள். முதல் பகுதி ஆறு சுற்று, இரண்டாம் பகுதி எட்டுச் சுற்றில் முடியும்.

இதையெல்லாம் கோட்டையில் நின்று கேட்ட முத்துசுவாமி என்ன செய்தார் என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று தெரிய வேண்டும்.

காசியும் திருத்தணியும்

சிதம்பரநாத யோகி என்ற துறவி மணலிக்கு வந்தார். இளைஞர் முத்துசுவாமியைத் தம்மோடு காசிக்கு அழைத்துப் போனார். பெற்றவர்களுக்கு மனமில்லை, குருவின் வார்த்தையைத் தட்டவும் முடியவில்லை. காசியில் சில ஆண்டுகள் இருந்தார். வேதாந்தமும் ஸ்ரீவித்யை வழிபாடும் கற்றார். வடநாட்டு துருபத இசையைக் காதாரக் கேட்டார். பிற்காலத்தில் அவர் யமுனா கல்யாணி, துவிஜாவந்தி ராகங்களில் செய்த பாட்டுகளில் அந்த வாசனை இருக்கும். கங்கையில் இறங்கியபோது யாளி முகம் மேல்நோக்கிய ஒரு வீணை அவர் கையில் கிடைத்தது என்பார்கள்.

ஊர் திரும்பியதும் திருத்தணி சென்றார். அங்கே ஒரு முதியவர் அவரை வாய் திறக்கச் சொல்லிக் கற்கண்டு போட்டு மறைந்தார் என்றும், வந்தவர் முருகனே என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். அன்று பாட ஆரம்பித்தவர், முருகன் பெயரான குருகுஹ என்பதையே தம் பாட்டுகளில் முத்திரையாக வைத்தார். வடமொழியின் எட்டு வேற்றுமைகளில் எட்டுப் பாட்டுகள் முருகன் மேல் செய்தார். அடுத்து காஞ்சிபுரம், பிறகு சொந்த ஊரான திருவாரூர்.

அவர் வேலையில் ஒரு கணக்கு இருக்கும். என்னைப்போல் காமர்ஸ் படித்தவனுக்கு அதுதான் முதலில் பிடிபட்டது. ஒன்றை எடுத்தால் மொத்தமாக முடிப்பார். பஞ்சபூதத் தலங்கள் ஐந்துக்கும் பாட்டு. திருவாரூர் கமலாம்பாள் மேல் ஒன்பது ஆவரணங்களுக்கும் ஒன்பது பாட்டு, முன்னால் தியானம் ஒன்று, பின்னால் மங்களம் ஒன்று. ஞாயிறு முதல் சனி வரை ஏழு கிழமைக்கும் உரிய கிரகங்கள் மேல் ஏழு பாட்டு. ஏழும் ஏழு வேறு தாளம். பாட்டின் நடை யானை நடை. அவசரமே கிடையாது. மும்மூர்த்திகளில் மற்ற இருவரான சியாமா சாஸ்திரியும் தியாகராஜரும் அதே திருவாரூரில், அதே காலத்தில் பிறந்தவர்கள் என்பதும் ஒரு வியப்பு.

அடகு வைக்காத வளையல்

இவ்வளவு பெரிய வித்வான் வசதியாக இருந்தாரா? இல்லை. ஒரு நாள் வீட்டில் அரிசி இல்லை. மாணவி கமலம் தன் கை வளையலை அடகு வைத்துச் சாமான் வாங்கிவர முன்வந்தாள். தீட்சிதர் சம்மதிக்கவில்லை. தியாகேசர் சந்நிதிக்குப் போய்ப் பாடிவிட்டுத் திரும்பினார். அன்று அந்த ஊருக்கு வர இருந்த அரசு அதிகாரி ஒருவருக்காகச் சேர்த்து வைத்த பொருள்கள், அதிகாரி வராததால் இவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. குருபரம்பரையில் சொல்லப்படும் செய்தி இது.

நகைக் கடன் கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். கவுண்டருக்கு அந்தப் பக்கம் வளையலைக் கழற்றும் கைகளைத் தினமும் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு ஃபீஸ், விதைக்குப் பணம், ஆஸ்பத்திரிச் செலவு. தன் ஆசிரியர் வீட்டு அரிசிக்காக ஒரு பெண் வளையலைக் கழற்ற வந்ததையும், பசியிலும் அவர் வேண்டாம் என்றதையும் படித்தபோது, புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

தஞ்சாவூர் மன்னரைப் பாடினால் வறுமை தீரும் என்று வீட்டிலேயே யோசனை சொன்னதாகவும் செய்தி உண்டு. அவர் இசையவில்லை. மனிதரைப் புகழ்ந்து பொருளுக்காகப் பாடுவதில்லை என்பது அவர் கொள்கை.

ராஜாவை எடுத்துவிட்டு

இப்போது கோட்டை மெட்டுக்குத் திரும்புவோம். ராஜாவைப் பாட மாட்டேன் என்ற இந்த மனிதர்தான் இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டை எடுத்தார். அதிலிருந்து ராஜாவை இறக்கிவிட்டு, இசைக்குத் தாயான சங்கீத சியாமளையை அங்கே அமர்த்தி, வடமொழியில் பாட்டு எழுதினார். சந்ததம் பாஹிமாம் என்று தொடங்கும் பாட்டு அதுதான். மெட்டு அப்படியே இருக்கிறது. மூன்று எண்ணிக்கையும் அப்படியே. வணக்கம் மட்டும் வேறு இடத்துக்குப் போய்விட்டது. சிம்மாசனத்துக்குப் போட்ட கும்பிடு சந்நிதிக்கு மாறிவிட்டது.

இப்படி சுமார் 40 பாட்டுகள். நோட் என்ற ஆங்கிலச் சொல்லே நோட்டு ஆகி, இவற்றுக்கு நோட்டு சுவரம் என்று பெயர் வந்தது. எல்லாம் சங்கராபரண ராகத்தின் சுவரங்களில் அமைந்தவை. மேற்கத்திய மேஜர் ஸ்கேல் அதே சுவரங்கள்தான். சக்தி சஹித கணபதிம் என்ற பிள்ளையார் பாட்டின் மெட்டு, ஆட வருகிறாயா என்று ஒரு பெண்ணை அழைக்கும் பிரெஞ்சு நடனப் பாட்டுடையது. வந்தே மீனாக்ஷி அயர்லாந்து மெட்டு. குழைவும் அசைவும் இல்லாமல் சுவரம் நேராக நிற்பதால் சிறு பிள்ளைகள் சுலபமாகப் பிடித்துக்கொள்வார்கள். பாட்டு வகுப்பில் இன்றும் ஆரம்பப் பாடமாக இவற்றைச் சொல்லித் தருகிறார்கள். யானை நடைப் பாட்டுகளைச் செய்தவர், குழந்தைகள் குதித்துக்கொண்டே பாட இவற்றையும் செய்து வைத்தார். அந்நிய மெட்டு என்று தள்ளவில்லை. அது தமக்குக் குறைச்சல் என்றும் நினைக்கவில்லை. வாங்கினார், வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்.

இன்னும் ஒன்று. சியாமளே மீனாக்ஷி என்று ஒரு நோட்டு சுவரம். அதன் மெட்டு ஒரு பழைய பிரெஞ்சுப் பாட்டின் மெட்டு. நம் பிள்ளைகள் டுவிங்கிள் டுவிங்கிள் என்று பாடுவது அதே மெட்டைத்தான்.

இது தெரிந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம்ம பாட்டு இல்லையா என்று கேட்டேனே, நம்ம பாட்டைத்தான் அந்தக் குழந்தை வாசித்துக்கொண்டிருந்தாள். கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அது நம் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிட்டது. பேரேட்டைப் புரட்டிப் பார்க்காமல் வாயைத் திறந்தவன் நான்.

கரிசல் மண்ணுக்கு வந்த கதை

பெற்றோர் மறைந்தபின் தம்பிகள் இருவரும் பிழைப்புத் தேடி மதுரைப் பக்கம் போனார்கள். சின்னசுவாமி மதுரையில் காலமானார். மனம் உடைந்த பாலுசுவாமி ராமேசுவர யாத்திரை போனார். பின்னர் எட்டயபுரம் மன்னர் அவரை ஆஸ்தான வித்வான் ஆக்கிக்கொண்டார். இது தெரியாமல் அண்ணன் தம்பியைத் தேடி மதுரை வந்தார். மீனாக்ஷி அம்மன் மேல் பாட்டுகள் பாடினார். தம்பி இருக்கும் இடம் அங்கேதான் தெரிந்தது. எட்டயபுரம் புறப்பட்டார். அங்கே தம்பிக்குக் கல்யாண ஏற்பாடு நடந்துகொண்டிருந்த சமயம்.

வழியில் அவர் கண்ட காட்சியை உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. வெடித்த கரிசல், காய்ந்த கண்மாய், வானத்தைப் பார்த்து நிற்கும் சம்சாரி. நாம் வருடா வருடம் பார்ப்பதுதான். அவர் மனம் தாங்காமல் அமிர்தவர்ஷினி ராகத்தில் அம்பாளிடம் மழை கேட்டுப் பாடினார் என்றும், வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது என்றும், போதும் நிறுத்து என்று கேட்டுக்கொள்ளும் அளவுக்கு வெள்ளம் ஓடியது என்றும் கதை. ஆனந்தாம்ருதாகர்ஷிணி என்ற அந்தப் பாட்டு இன்றும் இருக்கிறது. மழை வந்ததோ இல்லையோ, வழிப்போக்கராக வந்த ஒரு பெரியவர் நம் வறண்ட காட்டைப் பார்த்து, தமக்காக இல்லாமல் நமக்காகக் கேட்டார். தம் வீட்டு அரிசிக்காக ராஜாவிடம் கை நீட்டாதவர், ஊரார் பயிருக்காகத் தெய்வத்திடம் கேட்டார். எனக்கு அது போதும்.

திருவாரூர் திரும்பியவர் பிற்காலத்தில் மறுபடி எட்டயபுரம் வந்து தம்பியோடு தங்கினார். 1835 அக்டோபர் 21, தீபாவளி நாள். அன்று அரண்மனை யானை மதம் கொண்டு சுடுகாட்டுப் பக்கம் ஓடியதாகவும், நாட்டுக்கு என்ன கேடோ என்று மன்னர் பதறியதாகவும் சொல்வார்கள். தீட்சிதர் மாணவர்களைப் பாடச் சொன்னார். மதுரை மீனாக்ஷி மேல் தாம் செய்த பாட்டு. பாசத்தளையை அவிழ்ப்பவளே என்று அன்னையைக் கூப்பிடும் இடத்தில் உயிர் பிரிந்தது. வயது 60. நாமெல்லாம் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இனி என்ன செய்வது என்று யோசிக்கும் வயது.

அவருடைய மாணவர்களான தஞ்சை நால்வர் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் இன்றைய பரதநாட்டியக் கச்சேரிக்கு முறை வகுத்தவர்கள். வடிவேலுவின் வயலினை மெச்சித் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். பாலுசுவாமியின் மகள்வழிப் பேரனும் வளர்ப்பு மகனுமான சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்திலேயே இருந்து, 1904இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற பெரிய நூலை அச்சிட்டார். முத்துசுவாமி தீட்சிதரின் 200க்கும் மேற்பட்ட பாட்டுகள் சுவரக் குறிப்போடு நமக்குக் கிடைத்தது அதனால்தான். அடுத்த ஆண்டே ஆரம்ப மாணவர்களுக்கான பாடப் புத்தகம் ஒன்றையும் வெளியிட்டு, அதில் 33 நோட்டு சுவரங்களைச் சேர்த்தார். இவ்வளவும் நடந்தது நம் பக்கத்து ஊரில்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்.

ஒன்று, அடுத்த முறை தூத்துக்குடி சாலையில் போகும்போது பத்து நிமிடம் எட்டயபுரத்தில் இறங்குங்கள். தீபாவளிக்கு முன் ஒரு ஞாயிறு காலை சேர்ந்து வேனில் போய்வரலாம் என்றும் எண்ணம். வர விரும்புவோர் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.

இரண்டாவது, மூன்றாம் தெருக் குழந்தைக்கு. பாப்பா, தாத்தா அன்றைக்குத் தெரியாமல் பேசிவிட்டேன். தப்பு என் மேல்தான். உன் வீட்டுக்கு வந்தும் சொல்வேன். எல்லார் முன்னாலும் பேசியதால் எல்லாரும் படிக்கும் இடத்திலும் சொல்கிறேன். இந்த வருட விழாவில் நீ அதே மெட்டை முதலிலிருந்து கடைசி வரை வாசிக்க வேண்டும். சியாமளே மீனாக்ஷி வார்த்தைகளை எழுதி வைத்திருக்கிறேன். நீ வாசி, நாங்கள் பெரியவர்கள் கூடவே பாடுகிறோம். முன்வரிசையில் நான் இருப்பேன்.

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.